உங்கப்பா வேண்டாமென்று சொல்லவில்லை

சாமி,

போன வியாழக்கிழமை நீ போனில் பேசி வைத்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். உங்கப்பா மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். நீ சொன்னது இவ்வளவுதான். நீயும் நந்தினியும் சேர்ந்து செய்த பாட்டுகளை ஒரு கம்பெனி கேட்கிறது. இசைத்தட்டாகப் போடுவார்கள், எந்த ஊரில் இருப்பவர் போனிலும் வரும், கடையிலும் விற்கும். ஆனால் கம்பெனி போட்டு விற்றுவிட்டால் பிறகு அதை அண்டர்கிரவுண்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று உன் கூட்டாளிகள் சண்டைக்கு வருகிறார்கள். அதனால் மாதம் முடிவதற்குள் வேண்டாமென்று எழுதிவிடப் போகிறாய். இதையெல்லாம் நான் உம் கொட்டிக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் ஒன்று சொன்னாய் பார்: "அப்பா அன்னிக்கி முடியாதுன்னு சொன்னவரும்மா. அவரு புள்ள நான் மட்டும் எப்படி சரின்னு சொல்றது?" போனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுக்களையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உங்கப்பா முடியாதென்று சொல்லவில்லை. சொன்னது நான். இந்த இரண்டு வரியை எழுத எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இதை உனக்கு மட்டும் எழுதி, உறையில் போட்டு ஒட்டியிருக்கலாம். ஆனால் அந்தக் கதையை நீ ஊரறியச் சொல்லிவிட்டாய். அதனால் இதையும் நாலு பேர் படிக்கட்டும். உங்கள் ஆட்கள் எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் இதை அப்படியே போட்டுவிடு. ஒரு எழுத்தும் மாற்றாதே. முப்பத்து மூன்று வருடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான்; பிழை இருந்தாலும் அது என் பிழையாகவே இருக்கட்டும்.

போன வருடம் உன் நிகழ்ச்சிக்கு எங்களைச் சென்னைக்கு அழைத்துப் போனாய், நினைவிருக்கிறதா? அன்று மத்தியானம் வரை எங்கே நடக்கும் என்றே யாருக்கும் தெரியாது என்றாய். போனில் ஒரு செய்தி வரும், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்றாய். ஒரு கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்துகிற இடம். வாசலில் ஒரு பையன் டிக்கெட் சரிபார்த்ததையும் நான் பார்த்தேன், தெரிந்தவர்களுக்கு மட்டும் என்றால் டிக்கெட் எதற்கு என்று அப்போது கேட்காமல் விட்டேன். உள்ளே போனதும் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. நந்தினிதான் ஓடி வந்து என் காதில் பஞ்சு வைத்துவிட்டாள். உங்கப்பா ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். "இதுக்கு எதுக்குடா அண்டர்கிரவுண்டுன்னு பேரு? கீழ எறங்கி வந்தமே, அதுக்கா?" என்று உன்னிடம் கேட்டார். நீ என்னென்னவோ விளக்கினாய். "எனக்குத் தெரிஞ்ச சொரங்கமெல்லாம் தொறந்த குழிடா தம்பி. கரையில நின்னு எட்டிப் பாத்தா எல்லாந் தெரியும்" என்றார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள்.

பிறகு நீ மைக்கைப் பிடித்து அந்தக் கதையைச் சொன்னாய். அரியலூர் மாவட்டத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்து எலக்ட்ரீஷியன், யாரும் கேள்விப்படாத காலத்தில் வீட்டிலேயே எலக்ட்ரானிக் இசை செய்தார், கம்பெனிக்காரன் தேடி வந்தபோது விற்கமாட்டேன் என்றார், அவர் இதோ இந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்றாய். எத்தனை பேர் கை தட்டினார்கள்! உங்கப்பா தலையைக் குனிந்துகொண்டார். நீ அதை அடக்கம் என்று நினைத்தாய். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும், அது அடக்கம் இல்லை. ஏனென்று சொல்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் ஒன்றரை அறை வீடு. திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழு கலைந்தபோது உங்கப்பா அவர்களுடைய கீபோர்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மடியில் வைத்தபடி வந்தார். நீ பத்து வயதில் பரணிலிருந்து இறக்கினாயே, அதே கீபோர்டுதான். சினிமாப் பாட்டு வாசிப்பார் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். இந்த மனுஷன் ஒரே கட்டையை அமுக்கிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னக்கா, அண்ணனுக்கு ஒடம்புக்கு எதும் முடியலியா? ரெண்டு நாளா ங்கொய்னு ஒரே சத்தமா கேக்குது" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கீபோர்டு ரிப்பேர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

எங்களிடம் இரண்டு டேப் ரெக்கார்டர் இருந்தன. ஒன்று அவருடையது, இன்னொன்று என் சீர்வரிசையில் வந்தது. ஒன்றில் பதிந்ததை ஓடவிட்டு, அது ஓடும்போதே கூட வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றொன்றில் பதிவார். மறுபடி அதை ஓடவிட்டு அதற்கு மேல் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் இரைச்சல் கூடும். அந்த இரைச்சலும் நன்றாகத்தான் இருக்கிறது என்பார். சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிய வேண்டும், இல்லையென்றால் அதுவும் விழுந்துவிடும். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துபோய் உட்கார்ந்திருப்போம். சுரங்கத்தில் வெடி வைப்பதற்கு முன்னால் மத்தியானம் ஊதும் சைரனை அப்படித்தான் பதிந்தோம். அரியலூர் ஸ்டேஷனைத் தாண்டிப் போகும் கூட்ஸ் வண்டியை, நடைமேடையில் நின்று, ரெக்கார்டரைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு பதிந்தோம். வண்டி போய் முடிகிற வரைக்கும் நான் தும்மலை அடக்கிக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது பாட்டு கிரைண்டர். எங்கள் வீட்டு மாவுக் கிரைண்டரில் ஒரு கோளாறு. ஒவ்வொரு சுற்றுக்கும் குழவி ஒருமுறை டொக் என்று இடிக்கும். சரிபண்ண ஆளைக் கூட்டிவரச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் அரைத்துக்கொண்டிருக்கும்போது அலுப்பில் நான் பித்தளைப் போசியில் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு டொக்குக்கும் அடுத்த டொக்குக்கும் நடுவில் மூன்று தட்டு. உங்கப்பா ஷிப்டு முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "இந்தா, நிறுத்தாத. அப்புடியே தட்டு, அப்புடியே தட்டு" என்று இரண்டு ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அரைத்த மாவு களியாகப் போய்விட்டது. ஆனால் அந்தப் பாட்டு, சாமி, பதினோரு நிமிடம், கிரைண்டர் மோட்டாரின் உறுமலுக்கு மேல் கீபோர்டு மெல்ல மெல்ல ஏறி வரும், நடுவில் என் கரண்டி. அதற்குப் பிறகு கிரைண்டரைச் சரிசெய்ய அவர் யாரையும் தொடவிடவில்லை. நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலம் வேறு இல்லை. நீ பிறந்ததைக்கூடச் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

செல்வராசு சித்தப்பாவுக்கு அப்போது அரியலூரில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை. உங்கப்பாவோடு ஐடிஐயில் படித்தவர். மூன்று பாட்டையும் கேட்டுவிட்டு, "டேய், இத எல்லாருக்கும் குடுத்துறாத. கேக்கத் தெரிஞ்சவனுக்கு மட்டும் குடுப்பம்" என்றார். அப்படித்தான் அந்தக் கூட்டம் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள். திருமழபாடியிலிருந்து பஸ் ஏறி ஒரு வாத்தியார் வருவார், ரயில்வே கேட்காரர் ஒருவர் வருவார், பெரம்பலூரிலிருந்து இரண்டு மூன்று பேர். எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து பேர்தான். கேசட் வேண்டுமென்றால் நேரில் வரவேண்டும், ஒரு பக்கம் முழுவதையும் பேசாமல் உட்கார்ந்து கேட்கவேண்டும், பிறகுதான் சித்தப்பா பதிந்து கொடுப்பார். கேசட்டின் முதுகிலிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லைத் தன் கையாலேயே உடைத்துத் தருவார், அதன்மேல் வேறு பாட்டை யாரும் பதிந்துவிடக் கூடாதென்று. பெயர் எழுதமாட்டார். வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பில் விரலை விட்டு ஒரு பொட்டு வைப்பார். அந்தப் பொட்டு இருந்தால் நம் கேசட் என்று அர்த்தம். எங்களுக்கு அண்டர்கிரவுண்ட் என்ற பேச்செல்லாம் தெரியாது. நம்ம பாட்டு என்போம், அவ்வளவுதான். ஆனால் ஒன்று, சித்தப்பா யாருக்கும் சும்மா கொடுக்கவில்லை. பதிவுக் கூலி வாங்கித்தான் கொடுத்தார். வியாபாரம் நுழைந்தால் கெட்டுப்போகும் என்கிற உன் கூட்டாளிகளிடம் இதையும் சொல்.

நீ எட்டு மாதக் கைக்குழந்தை. உங்கப்பா ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார், சென்னையில் ஒரு கேசட் கம்பெனிக்கு மூன்று பாட்டையும் அனுப்பியிருக்கிறேன் என்று. செல்வராசுவுக்கும் தெரியாது, தெரிந்தால் கத்துவான் என்றார். நான் சரியென்றேன். ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அவர் வேலைக்குப் போயிருந்தார். தபால்காரர் கையில் கொடுத்தார், நான் பிரித்தேன். மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம், உங்கள் இசை எங்களுக்குப் புதிதாக இருக்கிறது, மூன்று நாள் வந்து தங்கி நல்ல முறையில் மறுபடி பதிந்து கொடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் இரண்டு தடவை படித்தேன். நீ தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாய். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, எனக்கு இதில் விருப்பமில்லை, மன்னிக்கவும் என்று எழுதி, உங்கப்பா பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்த் தபால்பெட்டியில் போட்டேன். வந்த கடிதத்தை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். நானும் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் தனியாக என்ன செய்வேன், சென்னையையும் சினிமாக்காரர்களையும் பார்த்துவிட்டு வந்தால் இவருக்கு நிலையான வேலை கசந்துவிடுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மையான பயம்தான். ஆனால் காரணம் அது இல்லை. பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் கோத்து கேசட்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்களே, பக்திப் பாட்டு, தெம்மாங்கு, காமெடி என்று. அந்த வரிசையில் என் அடுக்களையும் தொங்குவதை நினைத்துப் பார்த்தேன். யாரோ ஒருத்தன் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று அவசரத்தில் வாங்கிப் போவான், பிடிக்கவில்லையென்றால் அதன்மேல் வேறு பாட்டைப் பதிவான். எனக்குப் பொறுக்கவில்லை. இன்னொன்றும் உண்டு, இதுவரை இதை எனக்கு நானே ஒப்புக்கொண்டதில்லை. அந்தக் கடிதத்தில் உங்கள் இசை, உங்கள் இசை என்று உங்கப்பாவைத்தான் எழுதியிருந்தார்கள். அவர் அனுப்பிய தாளில் என் பெயரே இல்லை போலிருக்கிறது. அனுப்பும்போது என்னைக் கேட்கவும் இல்லை, அனுப்பிவிட்டேன் என்றுதான் சொன்னார். என்னைக் கேட்காமல் அனுப்பியதற்கு அவரைக் கேட்காமல் நிறுத்திவிட்டேன். இப்போது எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னப்புத்தியாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நாலு மாதம் அவர் ஷிப்டு முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "தபால் எதும் வந்துச்சா?" என்பார். "வரலீங்க" என்பேன். முதலில் தினமும் கேட்டார். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை. பிறகு கேட்காமல், தபால் வைக்கிற அலமாரியை மட்டும் பார்ப்பார். அந்த நாலு மாதத்தில் எந்த ஒரு நாளிலும் நான் வாயைத் திறந்திருக்கலாம். இன்னொரு கடிதம் எழுதியிருந்தால்கூட அந்தக் கம்பெனிக்காரர்கள் சரியென்றிருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு நாள் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

இப்போது நீ மேடையில் சொன்ன கதை எங்கே பிறந்தது என்று கேள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பாவின் கடை. உன்னை மடியில் வைத்துக்கொண்டு நானும் இருந்தேன். தபாலாபீஸில் வேலை பார்க்கும் யாரோ சித்தப்பாவிடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவர் எல்லோர் முன்னாலும், "என்னடா, கம்பெனிக்கி அனுப்புனியாமே? பதிலு வந்துச்சா?" என்று கேட்டுவிட்டார். உங்கப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். கையிலிருந்த கேசட்டைக் கீழே வைத்தார். பிறகு, "வந்துச்சு. போடுறேன்னு எழுதுனான். நாந்தான் வேணாம்னு எழுதிட்டேன். நம்ம பாட்ட கொண்டுபோயி கடையில தொங்கவிடவா?" என்றார். திருமழபாடி வாத்தியார் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். பதிலே வராதவன் என்ற அவமானத்தை மறைக்க அவர் சொன்ன பொய் அது. நான் அவர் பெயரில் எழுதிய பதிலும் அதுவேதான். அந்தக் கடையில் இது தெரிந்த ஒரே ஆள் நான். நீ என் தாலிக்கொடியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாய்.

மொபெட்டில் திரும்பி வரும்போது அவர் முகத்தைத் திருப்பாமலே, "பொய்தான் சொன்னேன். என்ன பண்றது, அசிங்கமா போயிருச்சு. நீ யார்ட்டயும் சொல்லிராத" என்றார். "சொல்லமாட்டேங்க" என்றேன். கடிதத்தை எழுதியது ஒரு கோபத்தில் செய்தது. அன்றைக்கு அந்த மொபெட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு வந்ததுதான் பெரிய துரோகம். அதற்கப்புறம் அவர் இரண்டு பாட்டைத் தொடங்கினார், முடிக்கவில்லை. கீபோர்டு பெட்டிக்குள் போனது, பெட்டி பரணுக்குப் போனது. கிரைண்டரைச் சரிசெய்ய ஆள் வந்தபோது அவர் தடுக்கவில்லை. கம்பெனி பதில் போடாததால் தன் பாட்டு மட்டமானது என்று அந்த மனுஷன் நம்பிக்கொண்டார். நான் நம்பவிட்டேன். நீ அந்தக் கீபோர்டில் விரல் வைத்தபோது அவர் உனக்கு எதுவும் சொல்லித்தராமல் எழுந்து வெளியே போனாரே, அதற்குக் காரணம் இப்போது புரிகிறதா?

நீ நாலாவது படிக்கும்போது ஒரு நாள் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குத் தனியார் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். டிரைவர் கேசட்டை மாற்றினார். முதலில் ஒரே இரைச்சல். பிறகு டொக். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை கை மாறி, நகலுக்கு நகல் எடுத்து, கீபோர்டு கீச்சுக் குரலாகத் தேய்ந்துபோயிருந்தது. ஆனால் என் கரண்டி அப்படியே இருந்தது. டிரைவரிடம் போய்க் கேட்டேன், "இது யாரு பாட்டுங்க?" என்று. "தெரியலம்மா, பழைய டிரைவர் வச்சிட்டுப் போனது. தூக்கம் வந்தா போடுவேன், நல்லா முழிப்பு குடுக்கும்" என்றார். கேசட்டில் சுண்ணாம்புப் பொட்டு இல்லை. பின் சீட்டுக்காரர் ஒருவர் நல்ல சினிமாப் பாட்டாப் போடச் சொல்லி ஏசினார். ஆனால் எனக்கு முன் சீட்டில் கதிர் அறுப்புக்குப் போய்த் திரும்புகிற ஒரு பெண், அரிவாளைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தவள், கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். மூன்று தட்டு. ஒரு டொக். மூன்று தட்டு. அவளுக்கு என்னைத் தெரியாது, ஷட்டரைப் பாதி இறக்கிய கடையைத் தெரியாது, யாரும் அவளை உட்காரவைத்துக் கேட்கத் தெரியுமா என்று சோதிக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

அதனால் உன் கேள்விக்கு வருகிறேன். கம்பெனி போட்டு விற்ற பிறகும் அதை அண்டர்கிரவுண்ட் என்று சொல்லலாமா? எனக்குத் தெரியவில்லை, சாமி. சொல்லக் கூடாதென்றால் சொல்லாதீர்கள், வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பஸ்ஸில் கேட்டபோது அது என் அடுக்களையில் செய்தது போலத்தான் இருந்தது. அந்தப் பெண் விரல் தட்டியதால் அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நாங்கள் பத்துப் பதினைந்து பேர் பொத்திப் பொத்தி வைத்தது பாட்டை இல்லை என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. மற்றவர்களுக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைத்திருக்கிறது என்கிற பெருமையைத்தான் பொத்தி வைத்தோம். அது சந்தோஷமான பெருமை, இல்லையென்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அதற்காக ஒரு மனுஷனுடைய பாட்டைப் பரணில் ஏற்றியிருக்க வேண்டாம்.

நீ வேண்டாமென்று எழுதினாலும் நான் வருத்தப்படமாட்டேன். காரணம் உன்னுடையதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். உங்கப்பா மறுத்தார் என்பதற்காக மறுக்காதே, அவர் மறுக்கவே இல்லை. இன்னொன்று. போனில் அரைமணி நேரம் பேசினாய், கூட்டாளிகள் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னாய். நந்தினி என்ன சொன்னாள் என்று நான் கேட்டதற்கு, "அவளுக்கு ஆசதாம்மா. நான் எழுதிட்டு சொல்லிக்கிறேன்" என்றாய். பாட்டில் பாதி அவளுடையது. அவள் உனக்கு வேறு யார் என்பதை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன், நீயே ஒருநாள் சொல்வாய். ஆனால் அவளுக்கும் சேர்த்து நீ பதில் எழுதிவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறாயே, அதைத்தான் நான் செய்தேன். அப்படி எழுதிய பதிலோடு ஒரே வீட்டில் குடியிருப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்தேன். உன் கண்ணில் படுவதற்கு முன்னால் உங்கப்பா காதில் விழவேண்டும் என்று தோன்றியது. சாப்பிட்டு முடித்ததும் உட்காரவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மொபெட்டில் வந்ததை வாசிக்கும்போது ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் செல்வராசு சித்தப்பாதான் போன் பண்ணினார். "இங்கதான் இருக்கான் அண்ணி. டீ மட்டும் குடிச்சான். நான் அனுப்பி வக்கிறேன்" என்றார். வந்தார். திங்கட்கிழமை முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார். முப்பது வருடம் நான் பயந்த நாள் அது.

இன்று செவ்வாய்க்கிழமை காலை. கிரைண்டரில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். அடுக்களை வாசலில் வந்து நின்றார். சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று கொஞ்சம் கத்தியே கேட்டார்.

"அந்தக் கடுதாசியில எத கேட்டிருந்தாங்க?"

நான் கிரைண்டரை நிறுத்தினேன்.

"மூணுல ஒண்ணுன்னு எழுதியிருக்கியே. எத? சைரனா?"

"இல்லீங்க. கிரைண்டர்."

"அதையா?" என்றார். "நீ கரண்டி தட்டுனியே, அதையா?"

"ஆமாங்க."

அவர் முகத்தில் அப்போது வந்த மலர்ச்சியை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. "நான் சைரன்னுல்ல நெனச்சேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"நான் செஞ்சது தப்புதாங்க" என்றேன்.

"தப்புதான்" என்றார். "ஏன் நிறுத்துன? போடு."

"இது புதுக் கிரைண்டருங்க. இடிக்காது."

"தெரியும். டொக்க நான் தட்டிக்கிறேன்." அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு சமையல் மேடைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "நீ கரண்டிய எடு."

"எவ்ளோ வருசமாச்சு, எனக்கு மறந்துருக்கும்" என்றேன்.

மறந்திருக்கவில்லை, சாமி.

இப்படிக்கு,
அம்மா
பெரம்பலூர்